கண்ணகை பின்னிய பாதி

கண்ணகை பின்னிய பூவைக் கையில் எடுத்தவர்கள் அதை ஒருதரம் அழுத்திப் பார்ப்பார்கள். வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னிய, உள்ளங்கையளவான பூ. மற்றப் பெண்கள் பின்னியது கையில் துவண்டு கிடக்கும். கண்ணகையின் பூ விளிம்பு மடியாமல் நிற்கும். கஞ்சி போட்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். கஞ்சி போடுவதில்லை. அவளுடைய கை அப்படி.

நாவற்குடாவில் வாவிக்கரையோரம் பிறந்தவள். தகப்பன் வல்லிபுரம் வலை பின்னுகிறவர். பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தைவிட அவருக்குப் பக்கத்தில் வலை ஊசியோடு இருந்த காலம் அவளுக்கு அதிகம். வலையில் ஒரு முடிச்சு நழுவினால் பக்கத்து முடிச்சும் நழுவும், பிறகு அதற்கு அடுத்தது. ஆகவே ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து, இன்னொருதரமும் இழுத்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். அந்த இரண்டாவது இழுப்பு அவளுடைய விரல்களில் தங்கிவிட்டது. மீன்பிடிக்கிற அழகரத்தினத்தைக் கல்யாணம் செய்த பிறகு அவனுடைய வலைகளையும் அவளே பின்னினாள்.

கொக்கி ஊசி அவள் கைக்கு வந்தது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு. வீட்டுக் கூரை போயிற்று, தோணி போன இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகன் நல்லரத்தினத்தோடு புருஷனும் பெண்சாதியும் வீதியில் நின்றார்கள். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த முகைதீன்பாவா, தன் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிறவன் என்று அழகரத்தினத்தை அடையாளம் கண்டு, மூன்று பேரையும் தன் கல்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வீட்டு முற்றத்தில் அவருடைய மனைவி உம்மு குல்தூம், கடையில் நனைந்துபோன நூற்பந்துகளைப் பிரித்து உலரவைத்துக்கொண்டிருந்தாள். கண்ணகையைவிடச் சில வயது மூத்தவள், அக்கா முறையில் அவளுக்கு ராத்தா. கண்ணகை யாரும் கேட்காமலே பக்கத்தில் குந்தி, காய்ந்த நூலைத் திரும்பச் சுற்றத் தொடங்கினாள். இப்படித்தான் பழக்கம் தொடங்கியது.

ஓரிரு நாளில் ஒரு காரியம் செய்தாள். குல்தூம் பின்னிய தலையணை உறை ஒன்று கொடியில் கிடந்தது. அதன் மூலையிலிருந்த ஒரு பூவை அவிழ்த்துவிட்டாள். எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசிச் சுற்றிலிருந்து நடுவளையம் வரை, எந்த நூற்கண் எந்தக் கண்ணுக்குள்ளால் வருகிறது என்று பார்த்துப் பார்த்து அவிழ்த்தாள். நூல் முழுவதும் மடியில் வந்து விழுந்த பிறகுதான், திருப்பிப் போட ஊசி இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"அல்லாஹ்வே, என்ட பூ எங்க புள்ள?"

கண்ணகை மடியிலிருந்த நூலைக் காட்டினாள்.

"வீடில்லாம வந்தவளுக்கு இருக்க இடம் குடுத்தா, அவள் என்ட உறையப் பிரிச்சி வச்சிரிக்காள்!"

"ஊசியத் தாங்க ராத்தா. போட்டுத் தாறன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"இப்பதானே பாத்தன்."

போட்டும் கொடுத்தாள். கண் ஒன்றும் பிழைக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பூவைவிட அது சிறியதாகவும் விறைப்பாகவும் இருந்தது. குல்தூம் அதை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"என்னகா இது? பூவா, கூனி வலையா? இதுக்குள்ளால கூனி இறாலும் தப்பாது."

அந்தப் பூவைக் குல்தூம் மாற்றவில்லை. அப்படியே அந்த உறையைப் பாவித்தாள்.

வீடு திரும்பக் கட்டி முடிந்து நாவற்குடாவுக்கு வந்த பிறகும் கண்ணகை பின்னேரங்களில் காத்தான்குடிக்கு நடந்து போனாள். குல்தூம் வெளியே அதிகம் போகிறவள் இல்லை, ஆகவே போவது எப்போதும் இவள்தான். வீட்டின் பின் விறாந்தையில் பன்பாயைப் போட்டு இருவரும் எதிரெதிரே இருப்பார்கள். பேச்சும் பின்னலும் ஒன்றாக நடக்கும். கண் எண்ணுகிற நேரத்தில் மட்டும் பேச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் கேட்ட கேள்விக்குச் சுற்று முடிந்த பிறகுதான் பதில் வரும். கேட்டவர் கேட்டதை மறந்துபோயிருப்பார்.

"இந்த வீட்டுல தேத்தண்ணி கேட்டா ஒரு பூ முடியணும்" என்பார் முகைதீன்பாவா, கடையிலிருந்து வந்து நின்றுகொண்டு.

"பூ முடிஞ்சிது. சீனி முடிஞ்சிதா எண்டு பாத்திட்டு வாங்க" என்பாள் குல்தூம்.

அவர்கள் பின்னாத சாமான் இல்லை. றேடியோவுக்கு உறை, கதிரைக்கு விரிப்பு, முகைதீன்பாவாவுக்குத் தொழுகைத் தொப்பி. நாவற்குடாவில் அம்மன் கோயில் சடங்குக்குக் கண்ணகை ஒரு திரைக்குக் கரை பின்னுவதாக நேர்ந்திருந்தாள். கை நோவில் அது பாதியில் நின்றபோது, மற்றப் பாதியைக் குல்தூம் பின்னினாள். காத்தான்குடி முஸ்லிம் பெண்ணின் கை அந்தத் திரையில் இருப்பது பூசகருக்குக் கடைசிவரை தெரியாது. "அம்மனுக்குத் தெரியும்தானே" என்பாள் கண்ணகை. "நீ வாயப் பொத்து. ரெண்டு ஊராரும் சேந்து நமக்கு அடிப்பாங்க" என்று குல்தூம் சிரிப்பாள். அப்போது அது சிரிக்கக்கூடிய பேச்சாக இருந்தது.

இரண்டு கை ஒரு துணியில் சேர்வது எளிதல்ல. கண்ணகையின் சிறிய பூக்களை ஒரு பக்கமும் குல்தூமின் பெரிய பூக்களை மறுபக்கமும் வைத்து இணைத்தால், சிறிய பக்கம் சுருங்கித் துணி கோணும். முதல் மேசை விரிப்பு அப்படித்தான் கோணிப்போயிற்று. அதன் பிறகு ஒரு முறையைக் கண்டார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒரு குல்தூம் பூ, ஒரு கண்ணகை பூ. சிறியதை நாலு பெரியது இழுத்துப் பிடிக்கும், பெரியதை நாலு சிறியது அடக்கி வைக்கும். துணி தட்டையாகக் கிடக்கும். பூக்களை அவரவர் வீட்டில் பின்னலாம். கடைசிச் சுற்றை மட்டும் பக்கத்துப் பூக்களின் விளிம்பில் கொளுவிப் பின்ன வேண்டும். அதற்கு இருவரும் ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு குல்தூமின் ஒரே மகள் றஸீனாவுக்குச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை சவூதியில் வேலை செய்தான். அவன் திரும்பி வந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். அவர்களுக்கென்று அறை ஒன்றை ஒழுங்குபண்ணி வைப்பார்கள். ஊர்ப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். அந்த அறைக் கட்டிலுக்கு ஒரு விரிப்புப் பின்னுவது என்று இருவரும் முடிவுசெய்தார்கள். கண்ணகைக்குப் பெண்பிள்ளை இல்லை. றஸீனா அவளுடைய மடியில் நூல் சுற்றி வளர்ந்தவள்.

"பாதிப் பூ என்ட" என்றாள் கண்ணகை. "ஒண்டு குறைஞ்சாலும் ஏற்கமாட்டன்."

"கண்ணகை மாமிட பூவெண்டா மாப்புள்ளைக்கு முதுகு நோகும்" என்றாள் றஸீனா.

"நோகட்டும். நொந்தாத்தான் உன்ட பேச்சக் கேப்பான்."

ஆளுக்குப் பாதி என்று நூலைப் பிரித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆனியில் இராணுவத்துக்கும் தமிழ் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது.

முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் தமிழ் ஊரான நாவற்குடாவுக்கும் இடையில் நடக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தை யாரும் நடக்காத காலம் வந்தது. கொழும்பிலிருந்து சாமானோடு வந்த லொறியை வழியில் துப்பாக்கிக்காரர் மறித்தார்கள். முகைதீன்பாவா அந்த லொறியில் இருந்தார். மறுநாள் அவருடைய உடலை, மையத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மறித்தவர்கள் தமிழர். லொறி வருகிற நேரத்தை நாவற்குடாவிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று காத்தான்குடியில் பேசிக்கொண்டார்கள்.

சாவு நடந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது என்பது கண்ணகை பிறந்த ஊரில் இல்லாத வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் போய் ஒரு மூலையில் இருந்துவிட்டு வருவார்கள். போகாவிட்டால் அந்த உறவு அன்றோடு முடிந்தது. கண்ணகை வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வேலிவாசல் கடப்படிக்கு வந்தாள். அழகரத்தினம் அங்கே குறுக்கே நின்றான்.

"போனா நீ கிறுகி வரமாட்டாய்."

"ராத்தாட மனிசன்."

"எனக்கும் தெரியும் அவர் ஆரெண்டு. எங்களுக்குக் கூரையில்லாதப்ப கூரை தந்த மனிசன். வரவேணாமெண்டு அவரே சொல்லுவார்."

அவள் கடப்படியோடு நின்றாள். பொழுதுபடும்வரை அந்தச் சேலையை மாற்றவில்லை.

சில கிழமைகளில் நாவற்குடாவை இராணுவம் சுற்றிவளைத்தது. ஆண்களை வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் முன்னால் நடத்தினார்கள். அவன் தலையை ஆட்டியவர்களை ட்ரக்கில் ஏற்றினார்கள். நல்லரத்தினத்தைப் பார்த்து அவன் தலை ஆடியது. பதினெட்டு வயது. சாக்குக்குள் இருந்த முகம் காத்தான்குடி முகம் என்று ஊரில் சொன்னார்கள். சாக்குக்குள் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. லொறியின் நேரத்தைச் சொன்னவனையும் யாரும் பார்த்திருக்கவில்லை.

அதன் பிறகு கண்ணகையின் நாட்கள் கேம்ப் வாசலில் போயின. மகனைப் பற்றிக் கேட்க வந்த தாய்மார் வேலியோரம் இருப்பார்கள். கேம்ப்பில் இருந்தவர்கள் நாளைக்கு வா என்பார்கள். மறுநாளும் நாளைக்கு வா என்பார்கள். சும்மா இருக்க முடியாமல் அவள் பையிலிருந்த நூலை எடுத்துப் பின்னத் தொடங்கினாள். பின்னுவதற்கு அவளிடம் இருந்த வேலை ஒன்றுதான், றஸீனாவின் விரிப்பு. காவலில் நின்றவன் கொக்கி ஊசியைக் கண்டு பறித்துக்கொண்டான். கூரான இரும்பு கேம்ப் பக்கம் வரக்கூடாதாம். அழகரத்தினம் சைக்கிள் கம்பி ஒன்றை வெட்டி, நுனியை அரத்தால் மழுக்கிக் கொக்கி எடுத்துக் கொடுத்தான். அவ்வளவு மொட்டையான ஊசி இறுக்கமான கண்ணுக்குள் இலகுவில் நுழையாது. அவள் அதையும் பழகிக்கொண்டாள்.

தன்னாமுனையிலிருந்து இராசாத்தி என்றொருத்தி அங்கே வந்துகொண்டிருந்தாள். அவளுடைய மகனையும் கொண்டுபோயிருந்தார்கள். கண்ணகைக்குப் பக்கத்தில் இருந்து பூக்களை எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

"வடிவா இரிக்கி. ஆருக்குகா?"

"காத்தான்குடியில ஒரு கலியாணத்துக்கு."

இராசாத்தி பூவைக் கீழே வைத்தாள். எழும்பிப் போய் வேலியின் மறுகோடியில் இருந்தாள். அன்று முழுக்க இந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுநாள் வந்து, பழைய இடத்திலேயே இருந்தாள்.

"எனக்கும் ஒரு கம்பி செஞ்சி தரச் சொல்லு உன்ட மனிசனிட்ட. சும்மா இருந்தா விசர் பிடிக்கிது."

"ஆருக்குப் பின்னப் போறாய்?"

"ஆருக்கும் இல்ல. கைக்கு."

இப்படியாக அந்த வேலியோரத்தில் வேறு சில பெண்களும் பின்னத் தொடங்கினார்கள். கண் தவறினால் கண்ணகையிடம் நீட்டுவார்கள். தவறிய இடம் வரை அவிழ்த்து, எங்கே பிழைத்தது என்று காட்டித் திருப்பிக் கொடுப்பாள். மற்றவர்களுக்காக அவள் ஒரு கண்ணும் போட்டதில்லை. அங்கே பேசிக்கொண்டதெல்லாம் பிள்ளைகளைப் பற்றி. நல்லரத்தினம் கருவாட்டுக்குத் தேங்காய்ப்பால் விட்டால் சாப்பிடமாட்டான் என்பது தன்னாமுனை இராசாத்திக்குத் தெரிந்தது. இராசாத்தியின் மகனுக்கு இருட்டென்றால் பயம் என்பது கண்ணகைக்குத் தெரிந்தது. அதைச் சொன்ன நாளில் இராசாத்தி பின்னவில்லை.

ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. ஒருநாள் கேம்ப்பை வேறிடத்துக்கு மாற்றினார்கள். தாய்மாருக்கு இருப்பதற்கு அந்த வேலியும் இல்லாமல் போயிற்று. கண்ணகையின் பங்குப் பூக்கள் எப்போதோ முடிந்து, ஒரு தலையணை உறைக்குள் கிடந்தன. காத்தான்குடியில் விரிப்பு ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளியோடு காத்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மகனுக்காக அவள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இந்தப் பூக்களையாவது உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். அந்த ஒன்றில் அவளுடைய மனது நின்றுவிட்டது.

தொண்ணூற்றுமூன்றில் காத்தான்குடிப் புடவை வியாபாரி அசனார் பழையபடி சைக்கிளில் தமிழ் ஊர்களுக்கு வரத் தொடங்கினார். பகலில் வந்து பகலிலேயே போய்விடுவார். முதல் தடவை அவர் மணியடித்தபோது எந்தக் கடப்படியும் திறக்கவில்லை. கண்ணகைதான் போய் நின்றாள். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, குல்தூம் ராத்தா எப்பிடி?"

"இரிக்கா. றஸீனாட மாப்புள்ள வந்திட்டான். வாற ஞாயித்துக்கிழமை கலியாணம்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஓம். ஏதும் குடுக்கிறெண்டா தா தங்கச்சி, நான் கொண்டுபோய்க் குடுக்கன்."

"குடுத்தா சரிவராது. நான் வந்துதான் விரிப்போட பூட்டணும்."

அசனார் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்ப நாளைக்குக் காலம வாறன். நான் முன்னால உருட்டிட்டுப் போறன். நீ பின்னால வா. சேந்து வராத."

அழகரத்தினம் இந்த முறை குறுக்கே நிற்கவில்லை. மறுநாள் வழியில் இராணுவக் காவலரணான சென்றியில் தலையணை உறையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். வெள்ளைப் பூக்கள் மேசையிலும் தரையிலும் விழுந்தன. "ரேந்தை" என்று அசனார் தள்ளி நின்று சொன்னார். பின்னல் வேலைக்கான அந்தச் சொல் சிங்களத்திலும் உண்டு, அவர்களுக்கும் விளங்கியது. கண்ணகை தரையில் குந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதி, திரும்ப அடைத்தாள்.

குல்தூமின் மகன் உசனார் வாசலில் நின்றான். தகப்பனுக்குப் பிறகு கடையும் வீடும் அவன் பொறுப்பு. முகத்தில் தாடி வந்திருந்தது.

"மாமி, என்னத்துக்கு வந்தீங்க?"

"உம்மாவப் பாக்க."

"உம்மாக்கு ஏலாது. நீங்க இஞ்ச வாறது சரியில்ல. உங்களுக்கும் சரியில்ல."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆரு மகன்?"

அவன் கண்ணகையின் கையிலிருந்த உறையைப் பார்த்தான்.

"கண்ணகையா?"

அவன் விலகி வழிவிட்டான்.

பின் விறாந்தையில் குல்தூம் இருந்தாள். மெலிந்திருந்தாள். மடியில் ஏதோ துணியால் மூடிக் கிடந்தது. எழும்பவில்லை.

"இரி."

கண்ணகை எதிரே இருந்தாள். பூக்கள் அடைத்த தலையணை உறைப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ட மனிசன்ட மையத்துக்கு நீ வரல்ல" என்றாள் குல்தூம்.

"வெளிக்கிட்டன் ராத்தா. கடப்படி மட்டும் வந்தன்."

"வரல்ல."

"ஓம். வரல்ல."

முற்றத்தில் கோழியொன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கண்ணகை அதைப் பார்த்தபடி, சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்திராத ஒன்றைச் சொன்னாள்.

"என்ட மகனுக்கு நீங்களும் வரல்லயே."

குல்தூம் நிமிர்ந்தாள். கோபம் வரும் என்று கண்ணகை இருந்தாள்.

"எந்த நாளைக்கு வாறது புள்ள? மௌத்தெண்டா செத்த நாளெண்டு ஒண்டு இரிக்கி. கத்தம் ஓத ஒரு நாள் இரிக்கி. ஒன்ட மகனுக்கு நாளே இல்லயே. எந்த நாளெண்டு நான் வாறது?"

"எனக்கும் தெரியா ராத்தா."

முதலில் அழுதது குல்தூம்தான். கண்ணகை எட்டி அவளுடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதன் பிறகு அந்தப் பேச்சுக்குத் திரும்பவில்லை.

றஸீனா தேத்தண்ணியோடு வந்தாள். கண்ணகையின் மடியிலிருந்த பையைக் கண்டதும் நின்றாள். உம்மாவைப் பார்த்தாள். குல்தூம் மடியிலிருந்த மூடுதுணியை எடுத்து, விரிப்பை இழுத்துப் பாயில் பரப்பினாள்.

அதில் இடைவெளி இல்லை. கட்டில் அளவுக்கு முழுவதும் பூ. சுற்றிக் கரையும் பின்னி முடிந்திருந்தது. ஒரு பெரிய பூ, ஒரு சிறிய பூ, ஒரு பெரிய பூ. கண்ணகை ஒரு சிறிய பூவின் விளிம்பை விரலால் அழுத்தினாள். விறைப்பாக நின்றது. தன் கை என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு நடுவளையத்தைப் பார்த்தாள். அங்கே இழுப்பு ஒரே சீராக இல்லை. இயல்பில் தளர்வான கை, ஒவ்வொரு கண்ணிலும் நின்று, பலம் கொடுத்து இரண்டாம் தரம் இழுத்திருந்தது.

"நீ வரமாட்டாய் எண்டு இருந்தன்" என்றாள் குல்தூம். "ஒன்ட பூ இல்லாட்டி இது கோணும். அதுதான் ஒன்ட பங்கையும் நானே போட்டன். என்ட கையில உன்ட இழுவ வரல்ல. போட்டுப் போட்டு அவிழ்த்தன். இஞ்ச பாரு." ஆள்காட்டி விரலை நீட்டினாள். நூல் அறுத்த இடம் காய்த்திருந்தது. "எப்பிடிப் புள்ள, நீ ஒவ்வொரு கண்ணுக்கும் இந்தப் பாடு பட்டாய்?"

"எனக்கு அது பாடில்ல ராத்தா."

தன்னை நினைத்து நினைத்துத்தான் குல்தூம் அந்தக் கையைப் படித்திருக்கிறாள். படித்து முடித்ததால் இனித் தன்னுடைய பூவுக்கு அங்கே இடமில்லை. இரண்டும் ஒன்றாக விளங்கியபோது கண்ணகை பையின் வாயை மெதுவாகச் சுருட்டினாள்.

குல்தூம் அதைக் கண்டாள். பக்கத்திலிருந்த கத்தரியை எடுத்தாள்.

"வெட்டிப் போடுறன். உன்டய வை."

"உம்மா! ஞாயித்துக்கிழமை கலியாணம்!" என்றாள் றஸீனா.

"நீ சும்மா கிட. பாதிப் பூ இவள்ட. சொன்ன சொல்லு."

கண்ணகை கத்தரி பிடித்த கையைப் பிடித்தாள். "வேணா ராத்தா. ஒரு பூவ வெட்டினா நாலு அவிழும். நாலு அவிழ்ந்தா இது விரிப்பில்ல, கந்தல். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப வைங்க கத்தரிய."

குல்தூம் வைக்கவில்லை. விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கால்மாட்டு மூலை ஒன்றைப் பிடித்து உயர்த்தினாள். "மூலைப் பூவுக்கு ரெண்டு பக்கம்தானே பிடி. இதுல ஒண்டு வை. ஒண்டாவது வை."

அதுவும் எளிதில்லை. மூலையில் கரையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. குல்தூம் வெட்டினாள். கண்ணகை அவிழ்ந்த கண்களை ஒவ்வொன்றாக ஊசியில் தாங்கி எடுத்தாள். தன் பூ ஒன்றின் கடைசிச் சுற்றை அவிழ்த்து, பக்கத்துப் பூக்கள் இரண்டிலும் கொளுவித் திரும்பப் பின்னினாள். குல்தூம் துணியை இழுபடாமல் பிடித்துக்கொண்டாள். இருவரும் கண் எண்ணினார்கள். பேச்சு நின்றது. றஸீனா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று. பூ உட்கார்ந்துவிட்டது. கரையை மறுபடி தொடங்கி ஒரு சாண்கூட வரவில்லை, உசனார் வந்து நின்றான்.

"உம்மா, சென்றியில இப்பவே ஆக்கள விடுறதக் குறைக்கானுகள். இனி வைச்சிருந்தா அவவுக்குக் கஷ்டம்."

மூலையில் நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. "நான் முடிச்சிடுவன்" என்றாள் குல்தூம்.

"வால் நூல உள்ளுக்கு ஓட்டி மறைங்க. முடிச்சுப் போட வேணா. கழுவக் கழுவ முடிச்சு வெளிய வரும்."

"எனக்குச் சொல்லித் தாறாய்!" குல்தூமின் வாய் சிரிக்கப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இனி வராத புள்ள. இண்டைக்கு இவன் ஒண்டும் சொல்லல்ல. ஊர் பாத்திட்டு இரிக்கி. உன்ட ஊரும் பாக்கும். உனக்கு ஒண்டு நடந்தா என்னால தாங்கேலா."

"கலியாணத்துக்கு?"

"வராத."

கண்ணகை பையை அங்கேயே வைத்துவிட்டு எழும்பினாள். உசனார் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் சென்றி வரைக்கும் நடந்தான். சென்றி தெரிந்த இடத்தில் நின்றான்.

"நல்லரத்தினத்தப் பத்தி ஏதும் தெரிஞ்சுதா மாமி?"

"இல்ல மகன்."

அவன் தலையசைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான்.

கல்யாணத்தன்று காற்றோடு ஒலிபெருக்கிச் சத்தம் நாவற்குடா வரை வந்தது. கண்ணகை அடுப்படியில் இருந்தாள். மூலையில் கரை முடிந்திருக்குமா என்ற ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். குல்தூமின் கை விரைவான கைதான். ஆனால் கல்யாண வீட்டில் தாய்க்கு இருக்க நேரம் ஏது? தொங்குகிற நூலோடு ஊர்ப் பெண்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

அடுத்த கிழமை அசனார் வந்தார். முற்றத்தில் துணிகளை விரித்துப் போட்டார். கண்ணகை ஒன்றையும் தொடவில்லை.

"காக்கா, விரிப்பப் பாத்தீங்களா?"

"பாக்காம? கட்டில அறைக்குள்ள தூக்கிப் போட்டதே நான்தானே. அந்தக் கட்டில்ட பாரம், இடுப்புல நாரிப்பிடிப்பு இன்னும் விடல்ல."

"விரிப்பு."

"விரிச்சிருந்தாங்க."

"எப்பிடி இருந்திச்சி?"

"வெள்ளையா இருந்திச்சி."

"வெள்ளைதான் காக்கா. வேற?"

"வேற என்ன தங்கச்சி, விரிப்புத்தானே! பொம்புளைகள் வந்து வந்து தடவிப் பாத்தாங்க. நல்லமெண்டுதான் சொன்னாங்க."

"கால்மாட்டு மூலை எப்பிடி?"

அசனார் யோசித்தார். "மூலையெல்லாம் மெத்தைக்குக் கீழ சொருகியிருந்தாங்க. காத்துக்குப் பறக்குமல்லவா."

"நாலு மூலையுமா?"

"நாலும்தான்."

எல்லாக் கட்டிலிலும் செய்கிறது போலக் குல்தூம் சொருகினாளா, முடிக்க முடியாமல் போய் மறைத்தாளா என்று இவரிடம் கேட்டு அறிய முடியாது.

"மறுகா அந்த வீட்டுக்குப் போனா, அந்த மூலைய ஒருக்கா இழுத்துப் பாத்துச் சொல்லுங்க காக்கா."

"நல்ல கதை! புதுப்பொண்ணு மாப்புள்ளட கட்டில நான் என்னெண்டு போய் இழுக்கிற? மாப்புள்ள என்ட காலக் கையத்தான் இழுப்பான்!"

அசனார் சிரித்தார். கண்ணகையும் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. அசனார் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, விரித்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்படியைத் தாண்டினார்.